ஒரே ஆர்டர், நாலு கணக்கு: பனியன் கம்பெனிக்குள் ஸ்கோர்

ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் சீசன் முடிந்ததும் நடக்கும் கூட்டத்தைக் கவனியுங்கள். "நம்ம ஆர்டர் எல்லாம் டைம்ல போயிருச்சுங்க" என்பார் மெர்ச்சண்டைசர். நூல் சொன்ன தேதிக்கு உள்ளே வந்துவிட்டது என்பார் பர்ச்சேஸ் பார்ப்பவர். தையல் பிரிவின் தாளைப் பார்த்தால் தினசரி இலக்கைத் தாண்டியிருக்கும். கணக்குப் பிரிவின் கையில் மட்டும் சரக்கை விமானத்தில் அனுப்பிய பில்லும் பையர் போட்ட டெபிட் நோட்டும் இருக்கும். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கோர் இடத்தில் தொடங்கி ஆளுக்கோர் இடத்தில் முடிகிற கணக்கைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தக் கணக்குகளை ஒன்றாக்கத்தான் ஸ்கோர் என்கிற சட்டகம் பிறந்தது. விநியோகச் சங்கிலியில் நடக்கும் வேலைகளுக்கும் அவற்றை அளக்கும் முறைக்கும் எல்லாரும் ஒப்புக்கொண்ட பொது வரையறை அது. அமெரிக்காவில் பி.ஆர்.டி.எம். என்ற ஆலோசனை நிறுவனமும் ஏ.எம்.ஆர். ரிசர்ச் என்ற ஆய்வு நிறுவனமும் முன்னின்று, பல தொழில் நிறுவனங்களைச் சேர்த்துக்கொண்டு 1996இல் உருவாக்கிய சப்ளை செயின் கவுன்சில் இதை எழுதியது. 2014இல் அந்த அமைப்பு அபிக்ஸுடன் இணைந்தது. அபிக்ஸ்தான் பிறகு ஏ.எஸ்.சி.எம். என்று பெயர் மாறியது. 2022இல் வந்த டிஜிட்டல் பதிப்பை அவர்கள் இணையத்தில் யாரும் படிக்கும்படி திறந்துவிட்டிருக்கிறார்கள். பெரிய பன்னாட்டு நிறுவனங்களின் சரக்கு என்று நினைத்து ஒதுங்கிக்கொள்ள இனிக் காரணம் இல்லை.

திருப்பூரில் மெர்ச்சண்டைசராகவோ பிளானிங்கிலோ நான்கைந்து வருடம் கழித்துவிட்டு, அடுத்து என்ன என்று யோசிப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஃபாலோ-அப் செய்யத் தெரிந்தவர்கள் ஊரில் ஏராளம். ஒரு ஆர்டர் எந்த இடத்தில், யார் கையில், எத்தனை நாள் நின்றது என்று எண்ணோடு சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. சம்பள வித்தியாசமும் அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

முதலில் கோடு போடுங்கள்

ஸ்கோர் நெடுங்காலம் வேலைகளை ஐந்தாகப் பிரித்தது: திட்டமிடல், கொள்முதல், உற்பத்தி, சேர்ப்பித்தல், திரும்பப் பெறுதல். இவற்றுக்குப் பின்னணியில் நிற்கும் விதிகள், ஆள், தகவல், ஒப்பந்தம் போன்றவை ஆறாவதாகச் சேர்ந்தன. புதிய பதிப்பு சேர்ப்பித்தலை இரண்டாக்கி, ஆர்டர் வாங்குவது ஒன்று, அதை நிறைவேற்றி அனுப்புவது இன்னொன்று என்கிறது. உற்பத்திக்கும் பின்னணி வேலைகளுக்கும் வேறு பெயர் வைத்திருக்கிறது. பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். அவற்றின் அடுக்குதான் முக்கியம். மேல் அடுக்கில் வேலையின் வகை, அடுத்த அடுக்கில் அதை எந்த முறையில் செய்கிறோம் என்பது, மூன்றாம் அடுக்கில் படிப்படியான செயல்கள். நான்காவது அடுக்கை ஸ்கோர் எழுதுவதில்லை. உங்கள் கம்பெனியில் டிசி யார் எழுதுகிறார், லாட்டை யார் விடுகிறார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் அடுக்கைப் பலரும் வேகமாகத் தாண்டிப் போகிறார்கள். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். இருப்புக்காகச் செய்வது, ஆர்டருக்காகச் செய்வது, ஒவ்வொரு ஆர்டருக்கும் புதிதாக வடிவமைத்துச் செய்வது என்று மூன்று முறைகளை ஸ்கோர் பிரிக்கிறது. வெளிநாட்டு பையரின் டி-ஷர்ட் இரண்டாம் வகை. பி.ஓ. வந்த பிறகுதான் அந்தத் துணிக்குச் சாயமே ஏறும். உள்நாட்டு பிராண்டின் வெள்ளைப் பனியனும் ஜட்டியும் முதல் வகை. அது கடைக்காரர் கேட்கும்போது குடோனில் இருந்தாக வேண்டும். இரண்டையும் ஒரே கூரையின் கீழ், ஒரே பிளானிங் ஆளை வைத்து ஓட்டும் கம்பெனிகள் உண்டு. அங்கே எல்லாவற்றையும் ஒரே சராசரியில் போட்டு அளந்தால் வரும் எண் இரண்டு வேலைக்கும் பொருந்தாது. உள்நாட்டுச் சரக்கில் இருப்பு தீர்ந்துபோவது நோய். ஏற்றுமதியில் முடிந்த சரக்கு குடோனில் தங்குவதே நோய். ஆகவே உங்கள் கம்பெனிக்குள் எத்தனை விநியோகச் சங்கிலிகள் ஓடுகின்றன என்று முதலில் எண்ணுங்கள். பிறகு ஒன்றை மட்டும் எடுங்கள். ஒரு பையர், ஒரு வகைத் துணி, போன சீசன். தொடங்குவதற்கு அது போதும்.

எல்லைக் கோட்டையும் அப்போதே போட்டுவிடுங்கள். புதுப் பொருள் உருவாக்கத்தையும் விற்பனை முயற்சியையும் ஸ்கோர் தன் எல்லைக்குள் சேர்ப்பதில்லை. டெவலப்மென்ட் சாம்பிளில் கழிந்த வாரங்களை இதற்குள் இழுத்தால் விவாதம் முடியவே முடியாது. உறுதியான பி.ஓ. கைக்கு வந்த நாளில் தொடங்கி, பையர் சரக்கை ஏற்றுக்கொண்ட நாளில் முடியுங்கள்.

நான்கும் சரியாக அமைந்தால்தான் ஆர்டர்

நம்பகத்தன்மைக்கு ஸ்கோர் வைத்திருக்கும் முதல் அளவு, குறையில்லாமல் நிறைவேறிய ஆர்டர்களின் விகிதம். முழு அளவு, சொன்ன தேதி, பிழையில்லாத ஆவணம், கெடாத சரக்கு. இந்த நான்கில் ஒன்று தவறினாலும் அந்த ஆர்டருக்குப் பூஜ்யம். முக்கால் மதிப்பெண் கிடையாது.

ஒரு பேச்சுக்கு, கம்பெனி ஒன்று சீசனில் 50 ஆர்டர் அனுப்பியது என்று வைத்துக்கொள்வோம். முழு அளவில் போனவை 46, தேதிக்குப் போனவை 43, ஆவணம் சரியாக இருந்தவை 47, நல்ல நிலையில் சேர்ந்தவை 48. தனித்தனியாகப் பார்த்தால் 92, 86, 94, 96 சதவீதம். ஒவ்வொரு பிரிவும் தலைநிமிர்ந்து நிற்கலாம். ஆனால் தவறுகள் பெரும்பாலும் வெவ்வேறு ஆர்டர்களில் சிதறிக் கிடந்தால், நான்கும் சரியாக அமைந்தவை 36 ஆகக்கூடும். அதாவது 72 சதவீதம். பையர் பார்ப்பது இந்த 72ஐத்தான். கூட்டத்தில் ஆளாளுக்குச் சொன்ன எண்கள் அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த அளவின் பலம் வரையறையின் கறாரில் இருக்கிறது. 'முழு அளவு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பீஸ் எண்ணிக்கை பி.ஓ.வோடு பொருந்தினால் போதாது, சரியான பொருள் சரியான எண்ணிக்கையில் போயிருக்க வேண்டும். மீடியம் சைஸில் 300 பீஸ் குறைந்து எக்ஸ்எல்லில் 300 கூடியிருந்தால் மொத்தம் சரி, ஆர்டர் தவறு. பையர் எழுத்தில் ஒப்புக்கொண்ட ஏற்றத்தாழ்வு இருந்தால் அதற்குள் அடங்க வேண்டும்.

'சொன்ன தேதி' இதைவிடக் கறார். ஸ்கோர் கணக்கில் எடுப்பது முதலில் ஒப்புக்கொண்ட தேதியை. நம் வழக்கம் வேறு. துணி தாமதமாகிறது என்று தெரிந்ததும் பையருக்கு மெயில் போட்டு பத்து நாள் எக்ஸ்டென்ஷன் வாங்குகிறோம், சிஸ்டத்தில் தேதியை மாற்றுகிறோம், புதிய தேதிக்குச் சரக்கு போகிறது, அறிக்கையில் 'ஆன் டைம்' என்று பதிவாகிறது. அந்தப் பத்து நாள் எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதாத தாமதத்தை யாராலும் குறைக்க முடியாது. ஈஆர்பியிலோ எக்செலிலோ முதல் தேதிக்கென ஒரு கட்டத்தைப் பூட்டி வையுங்கள். மாற்றிய தேதிகள் பக்கத்துக் கட்டங்களில் வரட்டும். இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவு எதுவும் இல்லை. ஒரு சீசன் கழித்து அது காட்டும் படத்தைப் பார்த்தால் முதலாளியே உங்களைக் கூப்பிட்டுப் பேசுவார்.

காத்திருந்த நாள் யாருடையது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுபோவீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஆர்டர் வந்ததிலிருந்து வாடிக்கையாளர் ஏற்றுக்கொள்ளும் வரையுள்ள நாட்களை ஸ்கோர் ஆர்டர் நிறைவேற்றும் காலம் என்கிறது. அதற்குள் இரண்டு வகைக் காத்திருப்பைப் பிரிக்கிறது. வாடிக்கையாளரின் நிபந்தனையால் வேலை எதுவும் நடக்காமல் நின்ற நாள் ஒன்று. நம் ஏற்பாட்டின் குறையால் நின்ற நாள் இன்னொன்று. முதல் வகையைத் தனியே எடுத்துக் காட்டலாம். இரண்டாவதைக் கழிக்கவே கூடாது, அது முழுக்க நம் பொறுப்பு.

லேப் டிப்பைப் பையருக்கு அனுப்பி ஒப்புதல் வர ஆறு நாள் ஆனது. அது அவர் நாள். ஆனால் அந்த லேப் டிப்பைச் சாயப்பட்டறையிலிருந்து வாங்கி கூரியரில் போடுவதற்கே நான்கு நாள் போனது என்றால் அந்த நான்கும் நம்முடையவை. பெரும்பாலான டைம் அண்ட் ஆக்‌ஷன் தாளில் இந்தப் பத்து நாளும் 'பையர் அப்ரூவல்' என்ற ஒரே தலைப்பின் கீழ் போய்விடுகிறது. சாயப்பட்டறையில் மெஷின் காலியில்லாமல் கிரே துணி கிடந்தால் அது பட்டறைக்காரரின் தவறு என்போம். அந்தப் பட்டறையைத் தேர்ந்தெடுத்தது யார்? எந்தத் தேதியில் எத்தனை கிலோ வரும் என்று முன்கூட்டிச் சொல்லி இடம் பிடித்திருக்க வேண்டியது யார்? அதுவும் நம் நாள்தான்.

நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று துணி கை மாறிக்கொண்டே போகும் ஊர் திருப்பூர். பெரிய மில்கள் எல்லாவற்றையும் ஒரே வளாகத்துக்குள் வைத்திருக்கலாம். மற்றவர்களுக்கு ஜாப் ஒர்க்தான் வழி. ஒரு லாட் சாய மெஷினுக்குள் இருப்பது மணிக்கணக்கு, சாயப்பட்டறையின் வாசலுக்குள் இருப்பது நாள்கணக்கு. அளவை வைக்க வேண்டியது இந்த இடைவெளியில்தான். ஆனால் நம்மிடம் இருக்கும் பதிவு என்ன? துணி வெளியே போன டிசி, திரும்பி வந்த டிசி. நடுவில் நடந்தது தெரியாது. "துணி எப்பங்க வரும்?" என்று கேட்டால் "நாளைக்கு வந்துருங்க" என்று பதில். அந்த நாளையை நம்பித்தான் கட்டிங் டேபிளில் ஆள் போடுகிறோம்.

ஒவ்வொரு ஜாப் ஒர்க் கட்டத்துக்கும் நான்கு தேதி எழுதுங்கள்: சரக்கு போய்ச் சேர்ந்தது, வேலை தொடங்கியது, வேலை முடிந்தது, சரக்கு கிளம்பியது. பட்டறையிலிருந்து நடு இரண்டு தேதிகளை வாங்குவது சிரமம். ஃபேப்ரிக் இன்சார்ஜ் தினமும் போனில் பேசத்தான் செய்கிறார். அந்தப் போனிலேயே இந்த இரண்டையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். பத்துப் பதினைந்து லாட் சேர்ந்ததும் காத்திருப்பு எந்தக் கட்டத்தில் குவிகிறது என்று தெரியத் தொடங்கும். சேர்ந்ததற்கும் தொடங்கியதற்கும் நடுவில் நாள் போகிறதா? அப்படியானால் பிளானிங்கில் கோளாறு, பட்டறைக்கு முன்தகவல் போகவில்லை. முடிந்ததற்கும் கிளம்பியதற்கும் நடுவில் போகிறதா? வண்டி ஏற்பாட்டையோ, பட்டறைக்குத் தர வேண்டிய பாக்கியையோ பாருங்கள். தொடங்கியதற்கும் முடிந்ததற்கும் நடுவில் நீள்கிறது என்றால் ஷேடு பொருந்தாமல் மறுபடி சாயம் ஏற்றியிருக்கிறார்கள். மருந்து ஒவ்வொன்றுக்கும் வேறு. 'சாயப்பட்டறை லேட்' என்ற ஒற்றை வரியிலிருந்து இந்த மூன்றையும் பிரிக்கவே முடியாது.

எல்லாவற்றிலும் முதலிடம் கேட்காதீர்கள்

நம்பகத்தன்மை, வேகம், நெகிழ்வு ஆகிய மூன்றும் வாடிக்கையாளர் உணர்பவை. செலவு, சொத்துப் பயன்பாடு இரண்டும் உள்ளே நாம் உணர்பவை. ஸ்கோரின் அடிப்படைப் பண்புகள் இந்த ஐந்து. புதிய பதிப்பு லாபத்தையும், சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு ஆகியவற்றையும் சேர்த்திருக்கிறது. நொய்யல் கரையில் தொழில் செய்பவர்களுக்கு இந்தச் சேர்க்கையின் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

ஒரு விநியோகச் சங்கிலி இவற்றில் ஒன்றில் தலைசிறந்து நிற்கட்டும், ஒன்றிரண்டில் மற்றவர்களைவிட மேலே இருக்கட்டும், மீதியில் சராசரியாக இருந்தால் போதும் என்பது ஸ்கோர் சொல்லும் உத்தி. இதைக் கேட்டதும் நம் முதலாளிகள் பலரும் முகம் சுளிப்பார்கள். எல்லாமே வேண்டும் என்பார்கள். ஆனால் அடிப்படை டி-ஷர்ட்டை லட்சக்கணக்கில் வாங்கும் பையரும், ஆறு வாரத்தில் புது டிசைன் கேட்கும் ஃபேஷன் பையரும் ஒரே தட்டில் நிற்பவர்கள் அல்ல. முன்னவருக்கு விலையும் தேதியும் உயிர், பின்னவருக்கு வேகம் உயிர். இரண்டாமவருக்கு வேண்டிய வேகம் வேண்டுமென்றால் நூலையோ கிரே துணியையோ முன்கூட்டியே வாங்கி வைத்தாக வேண்டும். அதற்குப் பணம் முடங்கும். இந்தத் தேர்வை எழுத்தில் செய்யாத கம்பெனியில் அது தினமும் யாராவது ஒரு சூப்பர்வைசரின் தலையில் வாய்மொழியாக நடந்துகொண்டிருக்கும்.

பிற கம்பெனிகளோடு ஒப்பிட்டு இடம் பார்க்க ஸ்கோரில் வழி உண்டு. அதே அளவு, அதே பொருள், அதே ஜாப் ஒர்க் முறை உள்ள கம்பெனிகளின் எண்கள் உங்கள் கைக்கு வருவது கடினம். உங்கள் போன சீசனோடு ஒப்பிடுங்கள். முதல் இரண்டு வருடத்துக்கு அதைவிட நேர்மையான அளவுகோல் கிடையாது.

நெகிழ்வுக்கு முந்தைய பதிப்புகளில் ஒரு நல்ல கேள்வி இருந்தது: எதிர்பாராமல் 20 சதவீதம் கூடுதலாகக் கேட்டால், அதைத் தொடர்ந்து கொடுக்கும் நிலைக்கு வர எத்தனை நாள் ஆகும்? கூட்டத்தில் இதைக் கேட்டுப் பாருங்கள். தையலுக்கு ஆள் பிடிப்பதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது தையல் மெஷின்கள் அப்படியேதான் இருந்தன, சாயம் ஏறிய துணிதான் இல்லை. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறைக்கு மாறிய பட்டறைகள் பிறகு திறந்தன. சுத்திகரிப்பு நிலையம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் சாயம் போட முடியும் என்ற வரம்பு அன்று முதல் நிலையானது. உங்கள் 20 சதவீதம் முதலில் எங்கே முட்டும் என்பதை அங்கிருந்து தொடங்கித் தேடுங்கள். இரண்டாவது பட்டறை ஒன்றை ஷேடு ஒப்புதலோடு தயாராக வைத்திருக்கிறீர்களா என்பதே பதிலைத் தீர்மானிக்கும்.

பணம் திரும்பி வரும் நாள்

முதலாளியின் காதில் உடனே ஏறும் அளவு இது. நூலுக்குப் பணம் கொடுத்த நாளுக்கும் பையரிடமிருந்து பணம் வந்த நாளுக்கும் இடைவெளி எவ்வளவு? இருப்பு நாளோடு வரவேண்டிய பாக்கி நாளைக் கூட்டி, கொடுக்கவேண்டிய பாக்கி நாளைக் கழியுங்கள். நூல், கிரே, சாயத் துணி, தைத்த சரக்கு எல்லாம் சேர்ந்து 55 நாள், பையர் பணம் தர 60 நாள், நாம் கொடுக்க எடுக்கும் நாள் 30 என்றால் 85 நாள். வருடத்துக்கு 36 கோடி ரூபாய் செலவில் ஓடும் கம்பெனிக்கு ஒரு நாள் என்பது ஏறக்குறைய 10 லட்சம். சாயப்பட்டறை வாசலில் காத்திருப்பு ஐந்து நாள் குறைந்தால் 50 லட்சம் வங்கிக் கடனிலிருந்து விடுபடுகிறது. முந்தைய பகுதியில் எழுதச் சொன்ன நான்கு தேதிகளின் விலை இது.

இந்த எண்ணைக் குறைக்க எளிதான குறுக்குவழி ஒன்று எல்லாருக்கும் தெரியும்: ஜாப் ஒர்க்காரருக்குப் பணத்தை இழுத்துக் கொடுப்பது. அதைச் செய்யாதீர்கள், செய்யும் இடத்தில் எண்ணோடு எதிர்த்துப் பேசுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த திருத்தத்தால், பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, அதை உண்மையில் கொடுக்கும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். சட்டத்தை விடுங்கள். பாக்கி வைத்தவரின் துணியை எந்தப் பட்டறைக்காரரும் முதலில் மெஷினில் ஏற்ற மாட்டார். கொடுக்கும் நாளை நீட்டி நீங்கள் சம்பாதித்த பத்து நாளை, துணி நிற்கும் நாளாக அவர் திருப்பி எடுத்துக்கொள்வார். ஐந்து பண்புகளையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஒன்றை மட்டும் இழுத்தால் இன்னொன்று கிழிகிறது.

நாளை காலை என்ன செய்வது

மேலிருந்து அனுமதி வரும் என்று காத்திருக்க வேண்டாம். போன சீசனில் ஒரு பையரின் முடிந்த ஆர்டர்களை எடுங்கள். நான்கு நிபந்தனைகளுக்கும் ஆம், இல்லை என்று குறியுங்கள். முதல் தேதிக்குப் பழைய மெயிலைத் தோண்ட வேண்டியிருக்கும், தோண்டுங்கள். இல்லை என்று வந்தவற்றில் அதிகம் அடிபடும் காரணம் எது என்று பாருங்கள். அந்தக் காரணத்தின் கீழே உள்ள கட்டத்துக்கு மட்டும் இனி நான்கு தேதி எழுதத் தொடங்குங்கள். எல்லாப் பிரிவையும் ஒரேயடியாக அளக்கப் புறப்பட்டவர்கள் இரண்டாவது மாதத்தில் நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எண்களை வெளியிடும் முன் வரையறைகளைப் பிரிவுத் தலைவர்களிடம் கொண்டுபோய்ச் சம்மதம் வாங்குங்கள். ஆள் பெயர் போட்ட அறிக்கை வேண்டாம், கட்டத்தின் பெயர் போதும். கட்டிங் மாஸ்டர் தன்மேல் பழி விழும் என்று நினைத்துவிட்டால் அடுத்த வாரமே தேதிகள் அழகாகிவிடும், உண்மை காணாமல் போய்விடும். அவரிடம் உட்கார்ந்து, துணி வராமல் அவருடைய டேபிள் சும்மா நின்ற நாட்களை முதலில் எண்ணிக் காட்டுங்கள். அதன் பிறகு அவரே உங்களுக்குத் தேதி எழுதிக் கொடுப்பார்.

சான்றிதழ் பற்றிக் கேட்பவர்களுக்கு: ஏ.எஸ்.சி.எம். நடத்தும் சி.எஸ்.சி.பி., சி.பி.ஐ.எம். இரண்டுக்கும் பன்னாட்டு நிறுவனங்களில் மதிப்பு உண்டு. கட்டணம் கணிசமானது, நேரமும் எடுக்கும். சென்னை, பெங்களூரு பக்கம் சோர்சிங் அலுவலகங்களுக்குப் போகும் எண்ணம் இருந்தால் எழுதுங்கள். திருப்பூரிலேயே வளர நினைப்பவர் முதலில் ஒரு சீசனை அளந்து முடித்துவிட்டு எழுதுவது நல்லது. பாடப்புத்தகத்தின் ஒவ்வொரு அத்தியாயத்திலும் உங்கள் சொந்த லாட் எண்கள் தெரியும். நேர்காணலில் பேசுவதற்கும் சொந்த எண்கள் இருக்கும்: 72 எத்தனை ஆனது, எந்தக் கட்டத்தில் எத்தனை நாள் குறைந்தது, அதற்கு என்ன மாற்றினீர்கள்.

மாற்றியதை நான்காம் அடுக்கில் எழுதி வைக்க மறக்காதீர்கள். பட்டறைக்கு எத்தனை நாள் முன்னால் கிலோ கணக்கு போக வேண்டும், லேப் டிப்பை வாங்கியவர் எத்தனை மணிக்குள் கூரியரில் போட வேண்டும், தேதியை மாற்றும் உரிமை யாருக்கு என்று ஒரு பக்கம் போதும். அதில் பிரிவுத் தலைவர்களும் முதலாளியும் கையெழுத்துப் போடட்டும். அடுத்த சீசனின் முதல் பி.ஓ. வரும்போது அதே வரையறையில், அதே நான்கு தேதிகளோடு மறுபடி எண்ணத் தொடங்குங்கள்.